ஏரிகள் 64% நிரம்பிவிட்டனவா, 48% தானா? ஒரே டேட்டா, இரண்டு சார்ட்: படம் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும், சென்னைக்காரர்கள் போனுக்கெல்லாம் ஒரு படம் வந்துவிடும். வரிசையாக ஐந்து நீலத் தொட்டிகள். கீழே பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை என்று பெயர்கள். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு சதவீதம். அபார்ட்மென்ட் குரூப், ஆபீஸ் குரூப், பெரியப்பா அட்மினாக இருக்கும் ஃபேமிலி குரூப் என எல்லாவற்றிலும் சுற்றும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் பார்த்த ஊர் இது. அந்தப் படத்தை யாரும் சும்மா தள்ளிவிட்டுப் போவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் சோழவரமும் தேர்வாய்கண்டிகையும் 100% நிரம்பிவிட்டன. மற்ற மூன்றும் 40%. ஐந்து சதவீதங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 64% வரும். ‘சென்னை ஏரிகள் 64% நிரம்பின’ என்று தலைப்பு வைத்தாயிற்று. பார்ப்பவருக்கும் சந்தேகம் வராது. ஐந்து தொட்டியில் இரண்டு ஃபுல், மூன்று பாதிக்குக் கொஞ்சம் கீழே. சரிதானே?

சரியில்லை. இந்த ஏரிகள் ஒரே சைஸ் கிடையாது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. புழல் 3,300. பூண்டி 3,231. சோழவரம் 1,081 மட்டும். தேர்வாய்கண்டிகை வெறும் 500. மொத்தம் 11,757. நம் கற்பனை நாளில் உண்மையாக இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 5,650 மில்லியன் கன அடி. அதாவது 48%.

64-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 1,870 மில்லியன் கன அடி. சென்னையின் ஒரு மாதக் குடிநீருக்குச் சுமார் ஒரு டி.எம்.சி., அதாவது 1,000 மில்லியன் கன அடி என்று ஒரு பொதுவான கணக்கு சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், படத்தில் மட்டும் இருக்கிறது. ஏரியில் இல்லை.

இதில் ஒரு எண் கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்க. சோழவரம் 100% என்பது உண்மை. செம்பரம்பாக்கம் 40% என்பதும் உண்மை. பெரிய ஏரியையும் சின்னக் குளத்தையும் ஒரே அளவுத் தொட்டியாக வரைந்த இடத்தில்தான் தவறு நுழைந்தது. நான் பார்த்தவரை, ஏமாற்ற வேண்டும் என்றே போடும் சார்ட்கள் குறைவு. அவசரத்தில் போடுவதும், எக்செல் தானாகக் கொடுத்ததை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதும்தான் அதிகம். இன்று சார்ட் போடுவது பத்திரிகைக்காரர்கள் வேலை மட்டும் இல்லையே. மந்த்லி ரிவ்யூ, இன்வெஸ்டர் மீட்டிங், குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு என்று உங்களில் பலரும் வாரத்துக்கு ஒன்றாவது போடுகிறீர்கள். கைப்பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் இங்கே.

முதலில் எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யுங்க

நிறம், ஃபான்ட், டெம்ப்ளேட் எல்லாம் அப்புறம். முதல் கேள்வி: இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில்? ‘எந்த ஏரி நிரம்பி வழியப் போகிறது?’ என்பது கேள்வியானால் ஒவ்வோர் ஏரிக்கும் தனித்தனிச் சதவீதம் போடுவது சரி. கரையோரம் இருப்பவருக்கு அதுதான் வேண்டும். ‘வரும் கோடைக்குத் தண்ணீர் போதுமா?’ என்பது கேள்வியானால் சதவீதம் உதவாது, கன அடி வேண்டும். அப்போது ஒவ்வோர் ஏரிக்கும் அதன் கொள்ளளவு நீளத்தில் ஒரு வெளிர் பட்டை, அதற்குள் இன்றைய இருப்பு அடர் நீலத்தில். சோழவரம் முழுக்க நிரம்பியும் சின்னதாகவே தெரியும். அப்படித் தெரிவதுதான் நியாயம்.

இரண்டு கேள்விக்கும் ஒரே படத்தில் பதில் சொல்லப் பார்த்தால் இரண்டுமே புரியாது. இரண்டு படம் போடுங்க, போனில் கீழே தள்ளிப் பார்க்க யாரும் சோம்பல்பட மாட்டார்கள்.

யூனிட் விஷயத்தில் மேட்டூர் அணையைப் போல ஒரு நல்ல வாத்தியார் கிடையாது. தினமும் செய்தியில் வருவது அடி. முழு உயரம் 120 அடி, அப்போது இருப்பு 93.47 டி.எம்.சி. சரி, நீர்மட்டம் 60 அடி என்றால்? ‘பாதி அணை’ என்றுதான் மனசு சொல்லும். சார்ட்டும் பாதித் தொட்டியைக் காட்டும். உண்மையில் 60 அடியில் இருக்கும் தண்ணீர் சுமார் 25 டி.எம்.சி.தான். கால்வாசிக்குச் சற்று மேல். காரணம் எளிது. அணை என்பது மொட்டை மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் டேங்க் இல்லை. அது ஒரு பள்ளத்தாக்கு, அடியில் குறுகி மேலே போகப் போக விரியும். 100 அடியிலிருந்து 120 அடி வரையிலான கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் இருக்கிறது. கீழே உள்ள மொத்த 60 அடியில் இருப்பதைவிட அதிகம். குறுவைக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா என்று காத்திருக்கிற டெல்டா விவசாயி இதை நம்மைவிட நன்றாக அறிவார். சென்னையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து இன்ஃபோகிராஃபிக் போடுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆபீஸ் டேட்டாவிலும் இப்படி ஒரு ‘அடி’ ஒளிந்திருக்கும். ஆப் டவுன்லோடு எண்ணிக்கை அடி, தினமும் திறந்து பயன்படுத்துபவர்கள் டி.எம்.சி. எதைப் படமாக்குகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

போகிற போக்கில் இன்னொன்று. வீட்டுக்கடன் வட்டி 8%-லிருந்து 9% ஆனால் அது 1% உயர்வு அல்ல. ஒரு சதவீதப் புள்ளி உயர்வு, அல்லது 12.5% உயர்வு. இரண்டும் சரி, தலைப்பில் எது என்று தெளிவாக எழுத வேண்டும்.

பட்டை என்றால் பூஜ்ஜியம், கோடு என்றால் அப்படி இல்லை

சமரசமே கிடையாது என்று நான் நினைக்கிற விதி ஒன்றே ஒன்றுதான். பார் சார்ட் போட்டால் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும்.

2021 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். தி.மு.க. பெற்ற வாக்கு 37.7%, அ.தி.மு.க. பெற்றது 33.3%. பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் ஒரு பட்டை மற்றதைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அச்சை 30-ல் தொடங்கினால்? ஒன்று 7.7 உயரம், மற்றது 3.3 உயரம். ஒரு கட்சி மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கியது போலத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், தொகுதிகளில் உண்மையாகவே இரண்டு மடங்குதான்: 133-க்கு 66. வாக்கு வித்தியாசம் சிறியதாக இருந்தும் தொகுதி வித்தியாசம் இவ்வளவு பெரியது என்பதுதான் நம் தேர்தல் முறையில் பேச வேண்டிய செய்தி. வெட்டிய அச்சு அந்தச் செய்தியையே விழுங்கிவிடுகிறது.

பட்டையில் நம் கண் பார்ப்பது நீளத்தை. நீளத்தில் பாதியை வெட்டிவிட்டால் ஒப்பீடே போய்விடும். கோட்டு வரைபடத்தில் கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. அதனால் அங்கே பூஜ்ஜியம் கட்டாயம் இல்லை. சில நேரம் பூஜ்ஜியம் வைத்தால்தான் தவறு. காய்ச்சல் வந்த குழந்தையின் வெப்பநிலையை 0-விலிருந்து 110 ஃபாரன்ஹீட் வரை வரைந்து பாருங்க. 98.6-ம் 103-ம் கிட்டத்தட்ட ஒரே கோடாகத் தெரியும். டாக்டர் அந்தப் படத்தை வைத்து ‘ஒண்ணுமில்ல, போய் தூங்குங்க’ என்று சொல்ல வேண்டியதுதான். இங்கே சின்ன மாற்றம்தான் பெரிய செய்தி, அச்சு அதைக் காட்டும்படி இருக்க வேண்டும்.

செம்பரம்பாக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற கேஸ். ஏரியின் முழு உயரம் 24 அடி. 22 அடியைத் தொட்டாலே உபரிநீர்த் திறப்பு பற்றிய பேச்சு வந்துவிடும். 20-லிருந்து 24 வரை தொட்டி வரைந்தால் 22 அடி பாதித் தொட்டி. அடையாற்றங்கரையில் இருப்பவர் ‘இன்னும் பாதி இடம் இருக்கே’ என்று நினைக்க வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது செய்தியானால் கோடு போடுங்க, 24 அடியில் ஒரு சிவப்புக் கோடு குறுக்கே இழுங்க. தொட்டி வேண்டாம்.

அச்சைத் தலைகீழாகப் போடுவதும் ஒரு வகை. 2014 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட ஒரு சார்ட் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் துப்பாக்கியால் நடந்த கொலைகள் பற்றியது. மேலிருந்து ரத்தம் வழிவது போல இருக்கட்டும் என்று பூஜ்ஜியத்தை மேலே வைத்து, எண்ணிக்கை கூடக் கூடக் கீழே இறங்கும்படி வரைந்திருந்தார்கள். 2005-ல் தற்காப்புக்குச் சுடுவதை எளிதாக்கும் சட்டம் வந்த பிறகு கொலைகள் அதிகரித்திருந்தன. ஆனால் படத்தைப் பார்த்த பலருக்குச் சட்டத்துக்குப் பிறகு சரசரவென்று குறைந்தது போலத் தெரிந்தது. டிசைன் அழகு, செய்தி தலைகீழ்.

வரிசையிலும் இதே கதை உண்டு. பட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவது நல்ல பழக்கம். அகரவரிசையில் அடுக்கினால் அரியலூர் எப்போதும் முதலில் நிற்கும், அதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் கிடை அச்சில் இருப்பது தேதி என்றால் கை வைக்கக் கூடாது. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில சுகாதாரத் துறை ஒரு கொரோனா சார்ட்டில் தேதிகளைக் கால வரிசையில் வைக்காமல், அதிகத் தொற்று இருந்த நாளிலிருந்து குறைந்த நாள் என்று அடுக்கியிருந்தது. மே மாத நாளுக்குப் பக்கத்தில் ஏப்ரல் நாள். பார்ப்பவருக்கு நோய் அழகாக இறங்கிக்கொண்டே போனது. விமர்சனம் கிளம்பியதும் மாற்றினார்கள்.

இடமும் வலமுமாக இரண்டு செங்குத்து அச்சு வைத்த சார்ட் வேண்டவே வேண்டாம். இரண்டு அளவுகோலையும் இஷ்டத்துக்கு இழுத்து, எந்த இரண்டு கோட்டையும் ஒட்டி நடக்க வைக்கலாம்.

கண் எதை நன்றாக அளக்கும்?

1984-ல் வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதனை செய்து பார்த்தார்கள். ஒரே அச்சில் இருக்கும் இடங்களை ஒப்பிடுவதில் மனிதக் கண் கெட்டி. நீளமும் பரவாயில்லை. கோணம், பரப்பளவு என்று போகப் போகத் தடுமாற்றம். நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவைச் சொல்வது ரொம்பக் கஷ்டம். நாற்பது வருடம் ஆகியும் சார்ட் தேர்வு செய்ய இதைவிட உபயோகமான வரிசை இல்லை.

பை சார்ட்டை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள் என்பதற்கும் இதுதான் பதில். அதில் கோணத்தைத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. 18%, 21%, 23% என்று மூன்று துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது பெரியது என்று எண்ணைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எண்ணைப் படித்துத்தான் தெரியும் என்றால் படம் எதற்கு?

ஆனால் பை சார்ட்டை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. இரண்டு மூன்று துண்டு மட்டும் இருந்து, ‘பாதியைத் தாண்டியதா?’ என்பதுதான் கேள்வியானால் வட்டம் உடனே பதில் சொல்லும். 234 தொகுதிகளை அரைவட்டமாக வரைந்து 118-ல் ஒரு கோடு போடுவது தேர்தல் இரவில் நன்றாகவே வேலை செய்கிறது. பத்து கட்சி, ஏழு செலவினம் என்று போனால் பட்டைக்கு வந்துவிடுங்க. வட்டத்தைச் சாய்த்து முப்பரிமாணமாக ஆக்குவது மட்டும் எந்தச் சூழலிலும் வேண்டாம். முன்னால் இருக்கும் துண்டு சும்மாவே பெரிசாகத் தெரியும்.

சொல்லப்போனால் பார் சார்ட், பை சார்ட் இரண்டையும் உலகத்துக்குத் தந்தவர் ஒரே ஆள்தான், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். 1786-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் பெரும்பாலும் ஆண்டு ஆண்டாக ஓடும் கோடுகள். ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு மட்டும் ஒரே ஒரு வருட டேட்டாதான் கிடைத்தது. ஒரு வருடத்தை வைத்துக் கோடு இழுக்க முடியாது. அதனால் நாட்டுக்கு ஒரு பட்டை வரைந்தார். இருக்கிற டேட்டாவுக்கு ஏற்ற வடிவம், அவ்வளவே. வட்டம் 1801-ல் வந்தது.

பரப்பளவு ஏமாற்றுவதற்கு நம்மூர் உதாரணம் கேஸ் சிலிண்டர். விலை இரண்டு மடங்கு ஆனதைக் காட்ட, சிலிண்டர் படத்தை இரண்டு மடங்கு உயரமாக்குவார்கள். மூலையைப் பிடித்து இழுத்தால் அகலமும் சேர்ந்து இரண்டு மடங்காகும். திரையில் அது பிடிக்கும் இடம் இப்போது நான்கு மடங்கு. பார்ப்பவர் அதை உருண்டையான நிஜ சிலிண்டராகக் கற்பனை செய்தால் எட்டு மடங்கு. வியன்னாவில் 1920-களிலேயே ஓட்டோ நியூராத் இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்: உருவத்தைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு. முன்பு ஒரு சிலிண்டர், இப்போது இரண்டு சிலிண்டர். குழந்தைக்கும் புரியும்.

மேப் போடும் ஆசை

மாவட்ட வாரியாக டேட்டா கிடைத்தவுடன் கை தானாக மேப் பக்கம் போகும். பார்க்க அழகு, ஷேர் ஆகும், எல்லோரும் தங்கள் மாவட்டத்தைத் தேடுவார்கள். மூன்று இடத்தில் பள்ளம் இருக்கிறது.

மேப்பில் கண் பார்ப்பது நிலத்தை, மனிதர்களை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாவட்டம் சுமார் 175 சதுர கிலோமீட்டர், மக்கள் 46.46 லட்சம். நீலகிரி 2,500 சதுர கிலோமீட்டருக்கு மேல், மக்கள் 7.35 லட்சம். மேப்பில் நீலகிரிக்குள் சென்னையைப் பதினான்கு முறை வைக்கலாம். ஆனால் மக்கள் சென்னையில் ஆறு மடங்கு. நாடாளுமன்றத் தொகுதி மேப் இன்னும் மோசம். பரப்பில் நாட்டிலேயே பெரிய தொகுதியான லடாக்கில் 2024-ல் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஹைதராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் 30 லட்சத்துக்கும் அதிகம், மேப்பில் அது ஒரு புள்ளி. தேர்தல் என்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே அளவுக் கட்டம் போட்டு, ஏறக்குறைய அதன் இடத்தில் வைப்பது நல்லது.

அடுத்தது, எண்ணிக்கையை அப்படியே மேப்பில் நிரப்புவது. விபத்து, டெங்கு, செல்போன் திருட்டு, பல் டாக்டர்கள் என்று எதைப் போட்டாலும் சென்னை அடர் சிவப்பு, பெரம்பலூர் வெளிர் நிறம். அது விபத்தின் மேப் இல்லை, மக்கள்தொகையின் மேப். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றிய பிறகு வரும் படம் பெரும்பாலும் வேறாக இருக்கும், அதில்தான் செய்தியும் இருக்கும்.

மூன்றாவது நம் மாநிலத்துக்கே உரிய தலைவலி. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019, 2020-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை பிரிந்து இப்போது 38. காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள் 2011-ல் சுமார் 40 லட்சம். இன்றைய காஞ்சிபுரம் அதில் ஒரு பகுதிதான், செங்கல்பட்டு தனியாகப் போய்விட்டது. பெயர் அதேதான் என்பதால் பழைய டேட்டாவையும் புதிய டேட்டாவையும் எக்செல் அழகாகப் பொருத்தித் தரும், எந்த எரரும் காட்டாது. ‘காஞ்சிபுரத்தில் பள்ளிச் சேர்க்கை பாதியாகச் சரிந்தது’ என்று ஒரு சார்ட் பிறக்கும். யாருடைய மாவட்டத்தில் பள்ளியை மூடலாம் என்று யோசிக்கும் மேஜைக்கு அந்தப் படம் போனால் என்ன ஆகும்? ஒப்பிட வேண்டுமானால் பிரிந்த மாவட்டங்களைத் திரும்பக் கூட்டி, பழைய எல்லைக்கே கொண்டுவந்து ஒப்பிடுங்க. படத்துக்குக் கீழே அதைச் சொல்லிவிடுங்க.

சிவப்பு, பச்சை, ரெட் அலர்ட்

தி.மு.க., அ.தி.மு.க. இரண்டு கொடியிலும் கறுப்பு, சிவப்பு. அதனால் தேர்தல் கிராஃபிக்ஸில் பெரும்பாலும் ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு இரட்டை இலையின் பச்சை. பார்த்துப் பழகிவிட்டது. சிக்கல், சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத பார்வை கொண்டவர்கள், அதிலும் ஆண்கள், நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மொத்த மேப்பும் ஒரே பழுப்பு. நிறத்தை மாற்ற முடியாவிட்டால் ஒன்றை அடர்த்தியாகவும் மற்றதை வெளிராகவும் வைக்கலாம், பட்டைக்கு மேலேயே கட்சிப் பெயரை எழுதலாம். போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்க. அப்போதும் எது எது என்று புரிந்தால் பாஸ்.

குறைவிலிருந்து அதிகம் என்று போகும் டேட்டாவுக்கு ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர்த்தி வரை போதும். வானவில் வேண்டாம். மஞ்சள் பெரியதா, ஊதா பெரியதா என்று யாருக்கும் இயல்பாகத் தெரியாது.

சிவப்பைப் பற்றித் தனியாக ஒன்று. வானிலை ஆய்வு மையத்தின் வண்ண எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். ரெட் அலர்ட் என்றதும் நம் மக்களுக்கு முதலில் வரும் சந்தேகம் ‘நாளைக்கு ஸ்கூல் லீவா?’ என்பதுதான், அது வேறு விஷயம். ஆனால் மழைக்காலத்தில் சிவப்பு ஓர் உத்தரவாகவே வாசிக்கப்படுகிறது. நேற்றுப் பெய்த மழையின் அளவைக் காட்டும் மேப்பில், எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்பை நிரப்பினால், அதை நாளைய எச்சரிக்கை என்று நினைத்து ஒருவர் பயணத்தைத் தள்ளிவைப்பார். மழை அளவுக்கு நீலம் இருக்கிறதே.

ஆறு இஞ்ச் திரையில் தமிழ்

நீங்கள் லேப்டாப்பில் வரைகிறீர்கள். பார்ப்பவர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ராமநாதபுரம் போன்ற பெயர்களைச் செங்குத்துப் பட்டைக்குக் கீழே வைத்தால் சாய்த்துத்தான் எழுத முடியும், சாய்ந்த தமிழைக் கழுத்தை ஒடித்துத்தான் படிக்க முடியும். பட்டையைப் படுக்கப் போடுங்க, பெயர் நேராக இருக்கும். ஆங்கிலத்துக்குப் போதும் என்கிற ஃபான்ட் சைஸ் தமிழுக்குப் போதாது. சுழியும் புள்ளியும் மங்கிவிடும். சில டிசைன் மென்பொருளில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும், பிரசுரிப்பதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்தே ஆக வேண்டும்.

எண்ணும் அப்படித்தான். மென்பொருள் 12,500,000 என்று போடும். படிப்பவர் மனசில் அது 1.25 கோடியாக மாற இரண்டு நொடி ஆகும். லட்சம், கோடி என்றே எழுதுங்க. ஓரத்தில் தனியாக நிறக் குறிப்புப் பெட்டி வைத்து, அங்கேயும் இங்கேயும் கண்ணை ஓடவிடாமல் கோட்டின் நுனியிலேயே பெயரை எழுதுங்க. பின்னணிக் கட்டங்கள், நிழல், பளபளப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி 1983-ல் எழுதிய புத்தகத்திலிருந்தே இதைச் சொல்லிவருகிறார்: டேட்டாவைச் சொல்லாத மை வீண். ஆனால் அதே வேகத்தில் யூனிட்டையும் அழித்துவிடுகிற மினிமலிஸ்ட்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் ஜாக்கிரதை.

இரண்டே இரண்டு எண்தான் சொல்ல வேண்டும் என்றால் சார்ட்டே வேண்டாம். வாக்கியமாக எழுதிவிடுங்க.

கடைசியாகத் தேதி. வாட்ஸ்அப்பில் போகும்போது உங்கள் கேப்ஷன் கூடப் போகாது, லிங்க் போகாது, படம் மட்டும்தான் போகும். போன வருடம் நவம்பரில் போட்ட ஏரி நிலவரம் இந்த வருடம் நவம்பரில் சுற்றுவதும், அதைப் பார்த்து இரவோடு இரவாகக் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் தேதி, நேரம், வருடம், எங்கிருந்து எடுத்த டேட்டா, இந்த நான்கும் படத்துக்குள்ளேயே, வெட்டி எடுக்க முடியாதபடி தலைப்பை ஒட்டி இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் லோகோவைச் சின்னதாக்குங்க.